செய்தி வராத நாட்களை நடத்துவது எப்படி: போர்முனைக்குப் போனவரின் வீட்டாருக்கு

என் கணவர் போர்முனைக்குக் கிளம்பிப் போன மூன்றாவது வாரம். இரவு பதினொன்றரை மணிக்குச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் வெடித்தது. தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருடம் அதே வீட்டில் குடியிருந்தும் தெரியாது, அது அவர் பார்த்துக்கொள்ளும் வேலை. முழங்கால் போட்டு, பழைய துண்டுகளால் தண்ணீரை ஒற்றி ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தபோது பக்கத்து அறையில் போன் அடித்து ஓய்ந்தது. ஈரக் கையோடு ஓடிப்போய்ப் பார்த்தால் தெரியாத எண். பத்தொன்பது நாள் கழித்து வந்த முதல் அழைப்பு, திருப்பிக் கூப்பிட முடியாத எண்ணிலிருந்து.

இந்தக் கட்டுரை அந்த இரவுக்கு முன்னால் என்னிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயங்கள். உங்கள் கணவரோ மனைவியோ மகனோ மகளோ போர்க்காலத்தில் படையில் இருந்தால், இது உங்களுக்கு முதல் தடவை என்றால், படியுங்கள். நல்ல செய்தி வரும் நாளும் குறைவு, கெட்ட செய்தி வரும் நாளும் குறைவு. மீதி எல்லாம் செய்தியே வராத நாட்கள். அந்த நாட்களில் வீடு நின்றுபோகாமல் ஓட வேண்டும். கீழே சொல்லும் எல்லா ஏற்பாடும் அதற்காகத்தான்.

முதல் வேலை: ஒரு நோட்டு

கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் எழுதி வைப்பது போதாது. போன் தொலையும், பூட்டிக்கொள்ளும், மின்சாரமோ நெட்வொர்க்கோ இல்லாத நாளில் உதவாது. முதல் பக்கத்தில் அவருடைய முழுப்பெயர் (ஆவணத்தில் உள்ள எழுத்துப்படி), பதவி, சர்வீஸ் நம்பர், பிறந்த தேதி, ரத்த வகை, படைப்பிரிவின் பெயர், அந்தப் பிரிவின் தலைமையிடத்துத் தொடர்பு எண், குடும்பங்களைக் கவனிக்கும் அதிகாரி யாராவது இருந்தால் அவருடைய எண். பின்னால் ஒரு நாள் எந்த அலுவலகத்தைக் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது சர்வீஸ் நம்பரைத்தான். பதற்றத்தில் மனப்பாடமாக இருந்ததும் மறந்துபோகும்.

அடுத்த பக்கங்களில் வீட்டை எழுதுங்கள். தண்ணீர் வால்வு, ஃப்யூஸ் பெட்டி, எந்தப் பில் எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து, வாகனத்தின் பத்திரங்கள், உபரிச் சாவி, குழந்தையின் மருந்து அளவு. இதை உட்கார்ந்து எழுதாதீர்கள். இருவரும் வீடு முழுக்க நடந்துகொண்டே எழுதுங்கள். நடந்தால்தான் "அட, இதையும் சொல்லணுமே" என்று தோன்றும். வால்வை ஒரு தடவை உங்கள் கையாலேயே மூடித் திறந்து பாருங்கள்.

பத்திரங்கள்

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் எல்லோருக்கும் பொருந்துவதை மட்டும் சொல்கிறேன். அவர் இல்லாதபோது அவர் சார்பில் கையெழுத்துப் போட உங்களுக்கு அதிகாரப் பத்திரம் வேண்டும். பொதுவானதா, குறிப்பிட்ட வேலைக்கு மட்டுமா, எப்போது காலாவதியாகும் என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உயில் எழுதியிருக்க வேண்டும். பேசவே வாய் வராது, தெரியும். ஆனால் அதைப் பேசி முடித்த அன்று இரவு நாங்கள் இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

சம்பளம் வரும் கணக்கை நீங்கள் இயக்க முடிகிறதா என்று அவர் போவதற்கு முன்பே ஒரு சிறு தொகை எடுத்துச் சோதியுங்கள். வங்கி, சேமநிதி, காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த பெயர் அப்படியே கிடக்கும் வீடுகள் நிறைய. ஆயுள் காப்பீட்டு ஒப்பந்தத்தையும் பிரித்துப் படியுங்கள். போரில் நேரும் மரணத்துக்குப் பணம் கிடையாது என்ற பிரிவு பல ஒப்பந்தங்களில் உண்டு. இருந்தால், படையின் சொந்தக் காப்பீடு எவ்வளவு என்று அவரையே கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒன்று தவறவே கூடாது. நெருங்கிய உறவினர் என்று படையின் பதிவேட்டில் யார் பெயர், எந்த முகவரி, எந்த எண் இருக்கிறதோ, அவருக்குத்தான் அதிகாரபூர்வமான தகவல் வரும். நடுவில் வீடு மாறினாலும் எண் மாறினாலும் அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். மருமகளுக்கும் மாமியாருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத வீடாக இருந்தாலும், தகவல் ஒருவருக்கு வந்தால் அவர் மற்றவருக்கு உடனே சொல்ல வேண்டும் என்று, போகிறவர் வீட்டில் இருக்கும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

கிளம்பும் வாரத்துச் சண்டை

போகிற வாரம் வீட்டில் சண்டை வரும். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு வரும். எங்களுக்கு ஒரு சூட்கேஸின் ஜிப்புக்காக வந்தது. நம் அன்பில்தான் ஏதோ குறை என்று அப்போது நினைத்தேன். அமெரிக்கக் கடற்படையினரின் மனைவியரோடு பழகி அறிந்த கேத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர், பிரிவின் மனநிலைகளை ஏழு கட்டங்களாகப் பிரித்து 1987இல் எழுதினார். கிளம்புவதற்கு முந்தைய நாட்களில் ஒருவரையொருவர் விலகிப்போவதும் எரிந்துவிழுவதும் அதில் வந்துவிடுகிறது. பிரியப்போகிற மனசு முன்கூட்டியே ஒதுங்கிப் பழகிப்பார்க்கிறது. அதனால் சண்டை வந்தால் பயப்பட வேண்டாம். கிளம்பும் காலையில் மட்டும் சமாதானமாகிவிடுங்கள். போன முதல் சில வாரங்கள் கையும் ஓடாது காலும் ஓடாது. அப்புறம் ஒரு நடைமுறை தானாக வந்து அமரும். அப்படி அமரும்போது "அவர் இல்லாமலே பழகிவிட்டேனோ" என்று ஒரு குற்ற உணர்வு வரும் பாருங்கள், அதற்கும் பயப்பட வேண்டாம்.

பேசிக்கொள்ளும் முறை

போவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள்: அழைப்பு வந்து நான் எடுக்க முடியாமல் போனால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் குழாய் வெடித்த பிறகுதான் யோசித்தோம். அவர் குரல் பதிவு வைக்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் இரண்டாவதாக என் அக்காவைக் கூப்பிட வேண்டும். தவறிய அழைப்பு உங்கள் தவறு கிடையாது. போனைக் குளியலறைக்கும் கொண்டுபோகும் பழக்கம் வந்தால் சில வாரங்களில் நீங்கள் ஓய்ந்துபோவீர்கள்.

மெசேஜுக்கும் கடிதத்துக்கும் எண் போடுங்கள். 1, 2, 3 என்று. போர்க்களத்துக்குத் தபால் வரிசையாகப் போகாது. ஏழாவது முதலில் போகும், நான்காவது போகவே போகாது. எண் இருந்தால், "அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று படிப்பவர், ஆபரேஷன் பற்றிச் சொன்ன கடிதம் இன்னும் வரவில்லை என்று புரிந்துகொள்வார்.

முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒரு தபால் அட்டை கொடுத்தார்கள். அச்சடித்த வாக்கியங்கள் இருக்கும்: நலமாக இருக்கிறேன், மருத்துவமனையில் சேர்ந்திருக்கிறேன், உங்கள் கடிதம் கிடைத்தது, விரைவில் எழுதுகிறேன். வேண்டாததை அடித்துவிட்டுத் தேதியும் கையெழுத்தும் மட்டும் போட வேண்டும். வேறு ஒரு வார்த்தை எழுதினாலும் அட்டையைக் கிழித்துவிடுவார்கள். பார்க்க ஈரமே இல்லாத அட்டை, ஆனால் எத்தனையோ வீடுகளை அது தாங்கிப்பிடித்தது. நீங்களும் அதுபோல் ஒரு சின்ன வாக்கியம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம்தான் கிடைக்கிறது என்றால் அவர் "சாப்பிட்டேன்" என்று மட்டும் அனுப்பலாம், அதற்கு "நலம், பேச நேரமில்லை" என்று பொருள். இடத்தையோ நடமாட்டத்தையோ தெரிவிக்கும் ரகசியச் சொல் எதுவும் வேண்டாம். அது அவரையும் கூட இருப்பவர்களையும் ஆபத்தில் தள்ளும்.

என்ன எழுதுவது என்று திணறுகிறவர்கள் வீட்டைப் பற்றியே எழுதுங்கள். சின்னவளுக்குப் பல் விழுந்தது, கதவு கிறீச்சிடுகிறது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது. அவருக்குப் பிடித்த கடிதம் எது என்று வந்த பிறகு கேட்டேன். மகன் சைக்கிள் ஓட்டப் பழகி மூன்று தடவை விழுந்ததை எழுதிய கடிதமாம். வீட்டுக் கஷ்டத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கிருந்து அவர் ஒன்றும் செய்ய முடியாத கஷ்டத்தை, அது தீர்ந்த பிறகு சொல்லுங்கள்.

திடீரென்று எல்லாத் தொடர்பும் அறுந்துபோகும் நாட்கள் வரும். அதற்குக் காரணங்கள் பல: படை இடம் மாறலாம், சிக்னல் எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் போனை வாங்கி வைத்திருக்கலாம். ஒரு பிரிவில் யாருக்காவது ஏதாவது நேர்ந்தால், அந்தக் குடும்பத்துக்கு முறைப்படி சொல்லும்வரை மொத்தப் பிரிவின் தொடர்பையும் நிறுத்திவைக்கும் வழக்கமும் சில ராணுவங்களில் உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு பக்கம் நெஞ்சு அடித்துக்கொள்ளும், மறுபக்கம் மௌனத்துக்கு அர்த்தம் ஒன்றுதான் என்று நினைப்பது நிற்கும்.

சொல்லக் கூடாதவை

எங்கே இருக்கிறார், எப்போது கிளம்புகிறார், எப்போது வருகிறார், எந்தப் பிரிவு, எத்தனை பேர். இவை எதுவும் சமூக ஊடகத்தில் போகக் கூடாது. பெருமையாகப் போட்டாலும், கவலையாகப் போட்டாலும், எதிரி படிப்பது ஒன்றையேதான். அவர் அனுப்பும் படத்தில் பின்னால் தெரியும் மலையும் கட்டடமும் போதும், இடத்தைக் கண்டுபிடிக்க. ஸ்ட்ராவா என்ற உடற்பயிற்சிச் செயலி, உலகம் முழுக்க மக்கள் ஓடிய பாதைகளை ஒரே வரைபடமாக 2017 நவம்பரில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தபோது, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் இருந்த ராணுவ முகாம்கள் ஒளிக்கோடுகளாகத் தெரிந்தன. சிப்பாய்கள் காலையில் ஓடியதுதான் காரணம். பிள்ளைகளின் போனிலும் இருப்பிடப் பகிர்வை அணைத்துவையுங்கள். வீட்டில் ஆள் இல்லை என்பதை ஊருக்கெல்லாம் சொல்லாமல் இருப்பதற்கும் இது நல்லது.

செய்தி பார்ப்பதற்கு ஒரு நேரம்

சங்கப் பாடல்களில் முல்லைத் திணைக்கு உரிப்பொருள் இருத்தல். போருக்குப் போனவனுக்காக வீட்டில் ஆற்றியிருப்பது. அப்போதும் காத்திருந்தவர்களுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. விரிச்சி கேட்கப் போனார்கள், யாரோ எதற்காகவோ சொல்லும் சொல் காதில் விழுந்தால் அதை நற்சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். இன்று நாம் வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்று பார்ப்பதும், டெலிகிராம் சேனல்களில் இரவு இரண்டு மணிக்குத் துழாவுவதும் அதே விரிச்சிதான். ஆனால் அன்று கேட்டது ஒரு சொல். இன்று நூறு சொல் வருகிறது, அதில் எத்தனையோ பொய்.

என் ஏற்பாடு இது. காலையில் கால்மணி, மாலையில் கால்மணி. உட்கார்ந்து, வேண்டுமென்றே, செய்தியும் பார்ப்பேன், கவலையும் படுவேன், அழுகை வந்தால் அழுவேன். நேரம் முடிந்ததும் எழுந்து வேலையைப் பார்ப்பேன். நடுவில் கவலை வந்தால் "சரி, சாயங்காலம்" என்று அதற்குச் சொல்லுவேன். முதல் வாரம் பலிக்கவில்லை. நான்காவது வாரம் பலித்தது. படுக்கையறையில் செய்தி கிடையாது, பிள்ளைகள் முன்னால் டிவியில் போர்க்காட்சி கிடையாது.

"உங்கள் ஆளுக்குக் காயம், உடனே பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் பணம் அனுப்பாதீர்கள். போனை வைத்துவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணை நீங்களாகக் கூப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

பிள்ளைகள்

ஆறு வயது மகனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். வலது கைக் கட்டைவிரல். "அம்மா, அப்பா செத்துப்போயிடுவாரா?" என்றான், நகத்தைப் பார்த்தபடியே. நகவெட்டியைக் கீழே வைக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அங்கே ஆபத்து இருக்குடா. அப்பாவும் கூட இருக்கிறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்க நல்லாப் பழகியிருக்காங்க. எனக்கு ஏதாவது தெரிஞ்சா உன்கிட்ட மறைக்க மாட்டேன். இங்க நான் இருக்கேன், எங்கயும் போகலை" என்றேன். அடுத்த விரலை நீட்டினான்.

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, கண்டிப்பா வந்துடுவார்" என்று சத்தியம் செய்யாதீர்கள். அந்தச் சத்தியம் நம் கையில் இல்லை, பொய்த்துப்போனால் அதற்குப் பின் நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது. கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு உண்மை சொல்லுங்கள். சின்னக் குழந்தைகள் படுக்கையை நனைப்பார்கள், காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காலையில் வயிறு வலிக்கும், நிஜமாகவே வலிக்கும். பெரிய பிள்ளை இன்னொரு பெற்றோராக மாறப் பார்ப்பாள். மெச்சுங்கள், ஆனால் "நீதான் இனி வீட்டுக்குப் பெரியவள்" என்று யாரையும் சொல்லவிடாதீர்கள். ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

இரண்டாம் உலகப்போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டாரதி பர்லிங்காமும், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிவதுதான் சின்னப் பிள்ளைகளை அதிகம் உலுக்குகிறது என்று பதிவு செய்தார்கள். வளர்க்கிறவர் பக்கத்தில், ஓரளவு நிதானத்தோடு இருந்தால் பிள்ளை எவ்வளவோ தாங்கும். ஆகவே உங்கள் தூக்கமும் சாப்பாடும் பிள்ளை வளர்ப்பில் சேர்ந்த விஷயம். தூங்கும் நேரத்தையும் கதை சொல்லும் நேரத்தையும் மாற்றாதீர்கள். அவர் குரலில் ஒரு கதையைப் பதிவு செய்து வைத்தால், செய்தி வராத வாரத்திலும் அந்தக் குரல் வீட்டில் இருக்கும்.

உதவி கேட்பது

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். அப்போதே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள்: வியாழக்கிழமை பிள்ளையைக் கூட்டிவர முடியுமா? முடியாதென்றால் வேறு ஆள். அதே படைப்பிரிவில் ஆள் இருக்கும் இன்னொரு குடும்பத்தோடு மட்டும் எப்படியாவது பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

தகவலே நின்றுபோனால்

எழுதக் கை வராத பகுதி, ஆனால் எழுதாமல் விட முடியாது. காணவில்லை என்று சொன்னாலோ, பிடிபட்டார் என்று கேள்விப்பட்டாலோ, முதலில் படைப்பிரிவிடம் எழுத்தில் தகவல் கேளுங்கள். யாரிடம், எந்தத் தேதியில், என்ன பேசினீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்து காணாமல்போனவர்களைத் தேடும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவின் மையத் தேடல் முகமைக்கு (ஜெனீவா), நேரடியாகவோ உங்கள் நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கம் வழியாகவோ, விண்ணப்பியுங்கள். கட்டணம் கிடையாது. இதன் முன்னோடியாக 1914இல் தொடங்கிய போர்க்கைதிகள் முகமையில் முதல் உலகப்போரின் போது மட்டும் சுமார் 70 லட்சம் பெயர் அட்டைகள் சேர்ந்தன. ஒவ்வோர் அட்டைக்குப் பின்னாலும் நம்மைப்போல் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு வீடு.

1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை நாடுகளுக்கிடையேயான போரில் கைதியானவருக்கு உரியது. பிடிபட்ட உடனோ, முகாமுக்கு வந்த ஒரு வாரத்துக்குள்ளோ, அவர் குடும்பத்துக்கு அட்டை எழுத வழி செய்ய வேண்டும். அதன்பின் கடிதங்களுக்கு வரம்பு வைத்தாலும் மாதம் 2 கடிதம், 4 அட்டைக்குக் குறையக் கூடாது. கைதியை மக்கள் பார்வைக்கு வைத்து வேடிக்கையாக்கக் கூடாது. இவை மீறப்படுவதும் உண்டு. இருந்தாலும் விதியைத் தெரிந்தவர் கேட்கும் கேள்விக்கு எடை அதிகம். இணையத்தில் அவரைப்போல் ஒருவரின் காணொளி வந்தால், ஒரு பிரதி, தேதி, வந்த இடம் மூன்றையும் எடுத்து அதிகாரிகளிடமும் செஞ்சிலுவையிடமும் கொடுங்கள். வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். திரும்பத் திரும்பப் பார்க்கும் வேலையையும், முடிந்தால், குடும்பத்தில் வேறு ஒருவரிடம் விடுங்கள்.

வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ், இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் துக்கம் காக்கவும் முடியாது, மகிழவும் முடியாது. இந்தக் குழப்பம் நிலைமையால் வருவது, உங்கள் மனசு பலவீனம் என்று நினைக்காதீர்கள். "வந்துவிடுவார் என்று நம்புகிறேன், வராமலும் போகலாம்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகலாம். நம்பிக்கையை விடச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கேட்காதீர்கள். குடும்பத்தில் ஒருவர் அழுதும் ஒருவர் அழாமலும் இருப்பதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

அவர் திரும்பி வரும்போது

எல்லோரும் இதைச் சுலபமான பகுதி என்று நினைக்கிறார்கள். முதல் நாள் கூட்டம் சேர்க்காதீர்கள். சொந்தக்காரர்களுக்கு மூன்றாம் நாளுக்குப் பிறகு நேரம் கொடுங்கள். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாமல், கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அங்கே என்ன நடந்தது என்று தோண்ட வேண்டாம். அவர் தொடங்கினால் கையில் உள்ள வேலையை வைத்துவிட்டு உட்காருங்கள். சின்னக் குழந்தை அப்பாவைக் கண்டு ஒளிந்துகொண்டால் வற்புறுத்தாதீர்கள். என் மகள் இரண்டு நாள் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள், மூன்றாம் நாள் அவர் காலடியில் ஒரு பொம்மையை வைத்துவிட்டு ஓடினாள்.

வாரங்கள் கடந்தும் தூக்கமில்லை, திடுக்கிடல் குறையவில்லை, குடி கூடுகிறது, யாரோடும் ஒட்டவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே போங்கள், ஆயுதம் எதுவும் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பொறுப்புகளை ஒரேயடியாக அவர் தலையில் கட்டவும் வேண்டாம், ஒன்றும் தராமல் விருந்தாளியாக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றாகக் கைமாற்றுங்கள். அவர் வருவதற்கு முந்தைய வாரம் அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், வீட்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று எழுதி வைத்தேன்: மகனுக்குப் புது வகுப்பு ஆசிரியை, மகளுக்குக் கண்ணாடி, பில் கட்டும் தேதி, படுக்கும் நேரம். கத்தரிக்கோலை எழுத மறந்துவிட்டேன். அது முதல் இழுப்பறையிலிருந்து மூன்றாவதற்கு மாறியிருந்தது. ஒரு மாதம் அவர் முதல் இழுப்பறையையே திறந்தார், திறந்து ஒரு கணம் அப்படியே நின்றார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து எல்லா இழுப்பறையையும் தரையில் கொட்டி, எது எங்கே என்று புதிதாக வைத்தோம். கத்தரிக்கோல் இரண்டாவதில் இருக்கிறது.